மிச்சம் ஆறு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

காற்று அதிகம். பத்து மணிக்குள் பதினேழு கன்டெய்னர்தான் இறக்க முடிந்தது. கம்பியில் தொங்கும் பெட்டி ஆட ஆட எனக்குப் பொறுமை வரும்; கீழே நிற்கிற மச்சானுக்குப் பொறுமை போகும். "அத்தான், தாலாட்டிட்டு இருக்கீங்களா, இறக்குறீங்களா?" என்று வாக்கி-டாக்கியில் கேட்டான். குழந்தை முழித்துக்கொண்டால் நீ வந்து தூங்க வைப்பாயா என்றேன்.

வீட்டில் அவன் என் மனைவிக்குத் தம்பி. துறைமுகத்தில் என் கிரேனுக்குக் கண். நாற்பது மீட்டர் உயரத்துக் கேபினில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பெட்டியின் மறுபக்கம் தெரியாது. அவன் சொல்வதை நம்பித்தான் இறக்குவேன்.

மாலை டாக்டரம்மாவைப் பார்த்தேன். சுகரின் மூன்று மாதச் சராசரி 7.9. போன அக்டோபரில் 7.1 இருந்தது. ஒன்பது வருஷமாக இந்தச் சுகரோடு குடித்தனம் நடத்துகிறேன். இப்படி ஒரே தாவலாகத் தாவியதில்லை.

ஜூன் 12 அன்று வருடாந்திர உடல் தகுதிச் சோதனை. எட்டைத் தாண்டினால் எங்கள் துறைமுகத்தில் உயரத்தில் உட்கார விடமாட்டார்கள். கீழே குடோனில் ஒரு நாற்காலி போட்டுத் தருவார்கள். இருபத்தாறு வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தவன் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

டாக்டரம்மா வாயைக் கட்டச் சொன்னார். எதைக் கட்டுவது? போன வருஷம் தின்றதைத்தான் இந்த வருஷமும் தின்கிறேன்.

மார்ச் 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் மச்சான் துப்புத் துலக்கிவிட்டான். டிசம்பர் 20 அன்று எனக்குப் புதிதாக ஆரம்பித்த கொலஸ்ட்ரால் மாத்திரைதான் குற்றவாளியாம். அது கொழுப்பை இறக்குமாம், சுகரை ஏற்றுமாம். அவனுக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்றாம். மச்சானுக்கு எல்லா நோயிலும் தெரிந்தவர் ஒருவர் உண்டு.

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்தேன். எறும்பு ஊர்வது போல எழுத்து. மனைவி ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் படித்தேன். நடுவில் ஒரு வரி: சிலருக்கு இரத்தச் சர்க்கரை உயரலாம்.

அட பாவி மாத்திரை!

மார்ச் 9, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். ஜூன் 12 வரை அந்த மாத்திரை வேண்டாம். தகுதிச் சான்று கைக்கு வந்த மறுநாளே மறுபடி ஆரம்பித்தால் போயிற்று. மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள். அட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்க்கிறவள். அதனால் படுக்கும்முன் ஒன்றைப் பிதுக்கி எடுத்து, வாயில் போடுவது போலப் போட்டுத் தண்ணீர் குடித்து, மாத்திரையைக் கொடியில் கிடக்கும் வேலைப் பேண்டின் சின்னப் பைக்குள் தள்ளிவிடுகிறேன். வேலைக்குப் போனதும் குப்பைத் தொட்டி. ஐம்பத்து நாலு வயதில் நல்ல நடிப்பு.

டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. அது தப்பு என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

வெறும் வயிற்றில் 151. நேற்று 149. முந்தாநாள் 153. பொறு மனமே.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு வாரம் ஆயிற்று. 147, 150, 146. இறங்கியிருக்கிறது—ஒரு சிட்டிகை. இதற்கா இத்தனை திருட்டுத்தனம்? மச்சானிடம் கேட்டால், மாத்திரை உடம்பை விட்டுப் போக நாளாகும், விருந்தாளி மாதிரி என்கிறான். போக நாளாகும் விருந்தாளிகளைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஆனால் இன்று ஒரு சந்தோஷம். அந்த நீல மூக்குக் கப்பல் மறுபடி வந்தது. அதன் சமையல்காரர் வழக்கம்போல மேல்தளத்துக்கு வந்து கரண்டியை ஆட்டினார். நான் கேபின் விளக்கை மூன்று முறை அணைத்து ஏற்றினேன். பதினான்கு வருஷமாக இது நடக்கிறது. அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. அவருக்கு நான் ஒரு விளக்கு. குடோனில் போய் உட்கார்ந்தால் அவர் யாருக்குக் கரண்டி காட்டுவார்?

மார்ச் 30, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். கையும் களவுமாக.

தையல்கடை வைத்திருக்கிறவளின் புருஷன் பேண்ட் பைக்குள் ஒளித்து வைக்கலாமா? புத்தி எங்க போச்சு? குப்பையில் போட மறந்த மாத்திரைகளெல்லாம் அந்தச் சின்னப் பையிலேயே தங்கிவிட்டன. முழங்கால் கிழிசலைத் தைக்க எடுத்தவள் பையைத் தடவிப் பார்த்திருக்கிறாள். பதினொன்று.

பொத்தான் போட்டு வைக்கும் கிண்ணத்தைக் காலி செய்து, அதில் அந்தப் பதினொன்றையும் போட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திட்டினால் திருப்பி ஏதாவது சொல்லலாம். பேசாமல் இருக்கிறவளிடம் என்ன சொல்வது? ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுதும் இந்த நேரம் வரை மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் துணியோ, பாவம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணி வந்தார்கள். கூப்பிட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

அண்ணன் போய் நாலு வருஷம். நெஞ்சுவலி என்று சொன்னான். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது அவனுக்கு ஐம்பத்தாறு.

அண்ணி சாப்பிட்டார்கள். மருமகள் வேலை மாறியது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாம் பேசினார்கள். மச்சானும் இருந்தான், பூனைக் கதையில் ஒத்து ஊதிக்கொண்டு. பிறகு அண்ணி அந்தக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"தம்பி, உங்க அண்ணன் போனப்ப அவரு அட்டையில நிறைய மாத்திரை மிச்சம் இருந்துச்சு. நல்லாத்தானே இருக்கேன்னு அவரா நிறுத்தியிருக்காரு. எங்கிட்ட சொல்லல. எல்லாம் முடிஞ்சு, சாமான் ஒதுங்க வைக்கிறப்பதான் எண்ணிப் பாத்தேன்."

கிண்ணத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "இவளையும் எண்ண வச்சுடாதீங்க" என்றார்கள்.

அவ்வளவுதான். மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் அண்ணன் இருந்திருப்பானா? யாருக்குத் தெரியும். அண்ணியும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நாலு வருஷமாக அந்த எண்ணிக்கையை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்காங்களே. நான் என்னடான்னா, பேண்ட் பையில...

மச்சான் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படுக்கும்முன் மனைவி பார்க்க மாத்திரையைப் போட்டேன். வாயைத் திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். சிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எதையும் விட முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. இரத்தம் எடுத்தார், இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார். துடிப்பு நன்றாக இருக்கிறது. கெட்ட கொழுப்பு, மாத்திரை சாப்பிட்டபோது 90 இருந்தது, மூன்றரை வாரத்தில் 157. போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

நான் விடவில்லை. மாத்திரை சுகரை ஏற்றுவது உண்மையா இல்லையா என்று கேட்டேன். உண்மைதான் என்றார். ஆரம்பிக்கும்போதே தான் சொல்லியிருக்க வேண்டும், அது தன் தவறு என்றும் சொன்னார். அப்படிச் சொல்லும் டாக்டரை நான் பார்த்ததே இல்லை.

பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். "பத்துல ஒரு பங்கை ஒரு புள்ளின்னு வச்சுக்கோங்க. உங்களுக்கு ஏழு புள்ளி ஒண்ணுலருந்து ஏழு புள்ளி ஒம்பது. எட்டுப் புள்ளி ஏறியிருக்கு. இந்த மாத்திரை பொதுவா ஒண்ணு, ரெண்டு புள்ளிதான் ஏத்தும். கூடப் போனா மூணு. ரெண்டுன்னே வச்சுக்குவோம். மிச்சம் ஆறு எங்கருந்து வந்துச்சு?"

காகிதத்தை வாங்கி நானும் கழித்துப் பார்த்தேன். ஆறுதான்.

"சுகர் ஏறினா இறக்க எங்கிட்ட நாலஞ்சு வழி இருக்கு. நெஞ்சுல அடைச்சா, நேரத்துக்கு வந்து சேந்தாத்தான் வழியே. அதனால மாத்திரை இருக்கட்டும். அந்த ஆறைத் தேடுங்க."

ஏப்ரல் 4, வெள்ளி

ஆறைத் தேடுகிறோம். மனைவி சமையலில் தேடுகிறாள். எண்ணெய், உப்பு, அளவு எல்லாம் பழைய மாதிரிதான். மச்சான் டீக்கடையில் தேடினான். என் டீயில் சர்க்கரை போட்டு ஐந்து வருஷம் ஆகிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். நான் என் மனசாட்சியில் தேடினேன். ஜனவரியில் ஒரு பிறந்தநாள் கேக், இரண்டு துண்டு. அதற்கு ஆறு புள்ளி கொடுத்தால் அநியாயம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிடைத்துவிட்டது! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

கிழிந்த பேண்டை இன்றுதான் முடித்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். இடுப்பு இறுக்குகிறது, கொஞ்சம் பிரித்து விடேன் என்றேன். இனிமேல் பிரிக்கத் துணி இல்லை, ஏற்கெனவே ஒரு இஞ்சு விட்டாயிற்று என்றாள். எப்போது என்றேன். டிசம்பர் முதல் வாரம், நாற்பது பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு நடுவில் இதையும் கொண்டுவந்து நீட்டினீர்களே, மறக்குமா என்றாள்.

சொல்லிவிட்டு அவளே நின்றாள். "என்னங்க... மாத்திரை ஆரம்பிச்சது இருபதாம் தேதி. அதுக்கு முன்னாடியே உங்க இடுப்பு ஏறிடுச்சே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்படியானால் அதற்கு முன்னால் என்ன நடந்தது? நவம்பரில் என்ன? சாப்பிட வந்திருந்த மச்சானையும் சேர்த்து மூவரும் யோசித்தோம். மச்சான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தான். மனைவி சொன்னாள், நவம்பரில் வேறொன்றும் ஞாபகமில்லை, உங்கள் கிரேனுக்கு லிஃப்ட் திறந்தார்களே, அதற்குக் கட்ட ரிப்பன் தைத்துக் கொடுத்தேன், அதுதான்—

மச்சானின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

லிஃப்ட்.

இருபத்தாறு வருஷமாக அந்த இரும்புப் படிகளில் ஏறினேன். இருநூற்றுப் பதினான்கு படி. காலையில் ஒருமுறை, டீ குடித்துவிட்டு ஒருமுறை, சாப்பிட்டுவிட்டு ஒருமுறை. மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். அதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. வேலைக்குப் போகிற வழி, அவ்வளவுதான். நவம்பர் 4 அன்று ரிப்பன் வெட்டினார்கள். அன்று முதல் ஒரு பொத்தானை அழுத்தி, சாமி ஊர்வலம் போவது போல நின்றபடியே மேலே போகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. உடம்புக்கு இருந்த ஓட்டம் அந்தப் படி ஒன்றுதான். அதையும் நிறுத்திவிட்டு, சுகர் ஏன் ஏறியது என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

என் இடுப்புக்கு என் மனைவியே ரிப்பன் தைத்திருக்கிறாள் என்றேன். மூன்று பேரும் சிரித்து ஓய்வதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் முதலில் டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். கேட்டதும் அவரும் சிரித்தார். ஏறலாம், ஆனால் மெதுவாக. மூச்சு முட்டினால் நிற்க வேண்டும், நெஞ்சில் ஏதாவது பிடித்தால் உடனே இறங்கி நேராக அவரிடம் வர வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு ஏற்றம் போதும்.

ஏறினேன். அறுபதாவது படிவரை பழைய ராஜா. எண்பதில் கைப்பிடியைப் பிடித்தேன். நூறில், படி திரும்பும் இடத்துத் தட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தே மாதம்! வாக்கி-டாக்கியில் மச்சான், "அத்தான், கிரேன்ல எங்கயோ காத்து கசியுது போல, உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் வருது. மெக்கானிக்கை அனுப்பட்டுமா?" என்றான். பதில் சொல்ல மூச்சு இல்லை.

மேலே போய்ச் சேர இருபத்து மூன்று நிமிடம். கடல் அங்கேயேதான் இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

கால் என்னுடையதில்லை.

ஏப்ரல் 19, சனி

இப்போது நாளுக்கு இரண்டு ஏற்றம். சாப்பிட்ட பிறகு ஏறுவதுதான் மந்திரம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 220, 230 என்று காட்டிய சுகர் மெஷின் இன்று 171 காட்டியது. நம்பாமல் வேறு விரலில் குத்தினேன். 168. இரண்டு விரலுக்கும் நன்றி.

மாத்திரை தினமும் உள்ளே போகிறது. நாக்கைத் தூக்கிக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நேற்று மனைவி மறந்துவிட்டாள், நானே போய்க் காட்டினேன்.

மே 2, வெள்ளி

மூன்று ஏற்றம். பத்து நிமிடம். நடுவில் நிற்கவில்லை.

துறைமுகத்தில் குடும்ப நாள் அறிவித்திருக்கிறார்கள். 11ஆம் தேதி வீட்டாரை உள்ளே அழைத்து வரலாம். லிஃப்ட் இருப்பதால் கிரேன் மேலேயும் ஏற்றிக் காட்டலாமாம். மனைவியிடம் சொன்னேன். எனக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும், ஆளை விடுங்கள் என்றாள்.

மே 11, ஞாயிறு

வந்தாள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு, இருவரும் புதுத் துணியில், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு. மச்சான்தான் எல்லாருக்கும் வழிகாட்டி. துறைமுகத்தையே அவன் கட்டியது போல விளக்கிக்கொண்டிருந்தான்.

அவர்களை லிஃப்டில் ஏற்றிவிட்டு நான் படியில் கிளம்பினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணாந்து பார்த்தேன். மனைவியின் மஞ்சள் ஹெல்மெட் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஸ்டூலில் தலை சுற்றுகிறவள், நான் வந்து சேரும்வரை கம்பியைப் பிடித்தபடி நாற்பது மீட்டர் கீழே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கேபினில் என் இருக்கைக்குப் பின்னால் நிற்க வைத்தேன். என் காலுக்கிடையில் தரை கண்ணாடி. கீழே லாரிகள் தீப்பெட்டி மாதிரி. முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். இரும்புச் சட்டத்தின் நாலு மூலைப் பூட்டையும் பெட்டியின் நாலு மூலைத் துளையில் இறக்க வேண்டும். நாலும் ஒரே சமயம் விழ வேண்டும். காற்றில் ஆடிற்று. காத்திருந்தேன். ஆட்டம் அடங்கும் அந்த ஒரு நொடியில் இறக்கினேன். டக்.

கண்ணைத் திறந்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. "நூல் கோக்குறீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. கீழே வரிசையில் மற்ற குடும்பங்கள் காத்திருக்கின்றன என்று மச்சான் கத்திய பிறகுதான் இறங்கினாள்.

அண்ணி கேபினுக்குள் வரவில்லை. வெளித் தட்டில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது, "உங்க அண்ணன் இங்க வந்திருந்தா கீழயே இறங்கியிருக்க மாட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். அழுகை இல்லாத சிரிப்பு. அதைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது.

மே 23, வெள்ளி

பேண்ட் இடுப்பில் அரை இஞ்சு உள்ளே பிடிக்கச் சொன்னேன். நிலையாக ஒரு முடிவுக்கு வாருங்கள் என்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

7.3.

கெட்ட கொழுப்பு 86. துறைமுக டாக்டர் முத்திரை குத்தி, இன்னும் ஒரு வருஷம் மேலேயே இருங்கள் என்றார். இருக்கிறேன் சார் என்றேன்.

டாக்டரம்மா எண்ணைக் கேட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற இரண்டு புள்ளி மாத்திரைக்கு நாம் கொடுக்கிற வாடகை, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கொடுக்கிறேன். நான் நல்ல குடித்தனக்காரன்தான்.

அண்ணிக்கு முதலில் போன் செய்தேன். சான்றைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரை என்று மட்டும் கேட்டார்கள். இன்றும் போட்டேன் என்றேன். அப்புறம் பூனைக்குட்டிகளைப் பற்றிப் பேசினார்கள், அரை மணி நேரம்.

மச்சான் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தான். எனக்கு மட்டும் பாதி. தனக்கும் பாதிதான் எடுத்துக்கொண்டான். அவனும் போன வாரம் இரத்தம் சோதித்தானாம். இனி தெரிந்தவர் கதை எதுவும் வேண்டாம், நேராக டாக்டரம்மாவிடம் போ என்றேன். போய்விட்டு வந்துதான் சொல்கிறேன் என்றான்.

ஜூலை 2, புதன்

முப்பத்து நான்கு பெட்டிகள். காற்று இல்லை. நீல மூக்குக் கப்பல் வந்தது, கரண்டி, விளக்கு.

மாலை இறங்கி வந்தபோது கீழே நாலு மெக்கானிக்குகள் கருவிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். லிஃப்ட் திங்கட்கிழமையிலிருந்து ஓடவில்லையாம்.